சோறு போட்ட ஊர், சோறு விற்ற கடை

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். பெரிய கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போவது, எந்தக் கடையில் சாப்பிடுவது. முப்பது வருஷத்துக்கு மேல் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தியவள், முதல் கேள்விக்குத்தான் விஸ்தாரமாகப் பதில் சொல்வாள் என்று நினைப்பார்கள். எனக்கோ இரண்டாவதுக்குத்தான் நாக்கு நீளும். சட்னி சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமும் கிடையாது. ஆனால் கடைப் பெயர்களுக்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். நெல்லுக்குப் பேர்போன இந்தச் சீமை, சோற்றைக் காசுக்கு விற்கக் கற்றுக்கொண்டது ரொம்பத் தாமதமாக. கற்றுக்கொடுத்தவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

கல்வெட்டில் ஆரம்பிக்கிறேன், பழக்கதோஷம். 1010-இல் ராஜராஜன் குடமுழுக்கு செய்த கோயிலின் சுவரில், எந்தத் திருமேனிக்கு என்ன படைக்க வேண்டும் என்று மளிகைக் கணக்கு மாதிரியே வெட்டி வைத்திருக்கிறார்கள். பழைய அரிசி, அதுவும் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற வீதத்தில். கறியமுது, பருப்பமுது, நெய்யமுது, தயிரமுது, கடைசியில் அடைக்காயமுது. மிளகு உண்டு, கடுகு உண்டு, சீரகம் உண்டு. மிளகாய் கிடையாது, அது கப்பலேறி வர இன்னும் ஐந்நூறு வருஷம் பாக்கி. மத்தியான வகுப்பில் இந்தப் பட்டியலை வாசித்தால் தூங்கும் பிள்ளைகள் எழுந்துவிடும். நிலத்திலிருந்து நெல்லாகக் கோயிலுக்குள் போனது, சோறாக வெளியே வந்தது. நடுவில் விலை என்று ஒன்று இல்லை. வெளியே வந்த சோறு எந்தத் தெருவோடு நின்றுபோனது என்பதைக் கல்வெட்டு சொல்லாது. அது தெருக்காரர்களுக்குத் தெரியும்.

மராட்டியர் காலத்தில் இந்தப் பொறுப்பைச் சத்திரங்கள் எடுத்துக்கொண்டன. ராமேஸ்வரம் போகும் யாத்திரைக்காரர்கள் நடந்து வந்த பாதை இது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் என்று அரண்மனைப் பெண்களின் பெயரில் வரிசையாகச் சத்திரங்கள். முக்தாம்பாள் சத்திரம் 1802-இல் இரண்டாம் சரபோஜி கட்டியது. அதற்கு முந்தின வருஷம் அவர் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தை ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லாருக்கும் சத்திரத்தில் சோறு. சமைத்ததைச் சாப்பிட மனமில்லாதவருக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுத்துவிடுவார்கள். நடுராத்திரியில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரலாம் என்று கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் போட்டார்கள் என்பதை நான் நம்புகிறேன். எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று சரபோஜியே சொல்லவில்லை.

என் பாட்டி வெண்ணாற்றங்கரைக்காரி. அவள் வாயில் வந்த பெரிய வசவு, "சோத்த வித்துத் திங்கிறவன்" என்பதுதான். திருட்டைக்கூட மன்னிப்பாள். வந்தவனுக்குப் போட வேண்டியதை நிறுத்து விற்பது அவள் கணக்கில் குடும்பம் விளங்காத காரியம். அவள் ஊரில் கடை என்று இருந்தது ஒரே ஒரு பெட்டிக்கடை. அங்கேயும் காசு அதிகம் புழங்காது. கூலியே நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. ஒரு படி நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினால் புகையிலை, மிளகாய், பிள்ளைகளுக்கு இரண்டு முறுக்கு. வயலில் நாற்று நட்ட பெண்களுக்குக் கலயத்தில் கஞ்சி. இதில் ஓட்டலுக்கு இடம் எங்கே?

இடத்தை உண்டாக்கியது ரயில். 1861-இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை ரயில் விட்டது. அடுத்த வருஷம் அது திருச்சிக்கு நீண்டது. நடந்து வருகிறவனுக்குச் சத்திரத்தில் படுத்து எழுந்து போக நேரம் இருந்தது. ரயிலில் வருகிறவனுக்கு இல்லை. சத்திரத்து மணி சாப்பிட வா என்றது; ஸ்டேஷன் மணி, தின்றது போதும் எழுந்திரு என்றது. அதோடு கோர்ட்டும் காலேஜும் வந்தன. வழக்குக்காகக் கும்பகோணத்தில் மூன்று நாள் தங்கும் மிராசுதார், சொந்த ஊரில் சமையல்காரனை விட்டுவிட்டு வந்த குமாஸ்தா, காலேஜில் படிக்கும் பையன் என்று உறவுக்காரர் வீடு இல்லாத ஒரு கூட்டம் முதல்முறையாக டவுனில் உண்டாயிற்று. அவர்களுக்காகத்தான் கிளப்புக்கடை. என் தலைமுறை வரை பெரியவர்கள் ஓட்டல் என்று சொன்னதே இல்லை. "கிளப்புல சாப்பிட்டுட்டு வந்தான்" என்பார்கள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும்.

கடை வைத்தவர்களில் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு, பாலக்காட்டுக்காரர்கள் உண்டு, நிலம் கைவிட்டுப் போன நம்மூர் அக்ரகாரத்துக் குடும்பங்களும் உண்டு. அந்தக் கடைசி வகையினர் பலர் சொந்தக் கிராமத்தில் கடை போடாமல் பஸ் ஏறிப்போய் வேறு டவுனில் போட்டதன் காரணம் என் பாட்டிக்குப் புரியும்.

காப்பியைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று புத்தகமே எழுதிவிட்டார். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. கும்பகோணத்துக் காப்பி என்றால் பசும்பாலும் அன்றே வறுத்து அரைத்த தூளும்தான். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை சாலையோரம் முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி போர்டு தொங்குகிறது. பித்தளை டபராவைத் தவிர அதில் கும்பகோணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கும்பகோணத்துக்குள்ளேயே இப்போது பாக்கெட் பால்தான் அதிகம். போகட்டும்.

எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது உட்காரும் இடத்தைப் பற்றி. அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அவர் வாலிபத்தில் தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன்களின் உணவுச்சாலையில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். ஒரே அடுப்பு, ஒரே சாம்பார், நடுவில் ஒரு தட்டி. பெரியாரும் 'விடுதலை'யும் விடாமல் அடித்த அடியில் 1941-இல் ரயில்வே அந்தத் தட்டியை எடுத்தது. டவுன் கடைகளில் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இருந்தது. 1950-இல் வந்த அரசியல் சட்டம், கடைக்கும் ஓட்டலுக்கும் யாரையும் வராதே என்று சொல்லக்கூடாது என்றது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1957-இல், நான் பிறந்த வருஷம், பெயர்ப்பலகையில் இருக்கும் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லித் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. பலகைகள் மாறின. பெயின்ட் அடித்த இடத்தில் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும் பலகை ஒன்றை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

கிராமத்து டீக்கடைக்கு இந்தச் சட்டமெல்லாம் இன்னும் மெதுவாகத்தான் வந்தது. பண்ணையாள் போய் நின்றால் கொட்டாங்கச்சி, பிற்பாடு கூரையில் செருகிய தனி கிளாஸ். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருக வேண்டும். 1940-களில் பி. சீனிவாச ராவ் இந்தப் பக்கம் வந்து விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்றதோடு, நெஞ்சை நிமிர்த்தி நடக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது. அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டதற்காக வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தது 1968 டிசம்பர் 25. அந்த வட்டாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பது பெஞ்சைப் பற்றிய கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. டெல்டாவின் ருசிகளைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குத் தாண்ட முடிவதில்லை.

ஒருவர் சோறு போட்டதற்காக ஜெயிலுக்குப் போன கதையும் இந்தச் சீமையில்தான் உண்டு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி நூறு பேர்போலத் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். தஞ்சாவூர் கலெக்டர் ஜே. ஏ. தார்ன் தலையில் அடிக்காமல் வயிற்றில் அடிக்க முடிவு செய்தார். யாத்திரைக்காரர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கிறவர்களுக்குச் சிறை, அபராதம் என்று தமுக்கடிக்கச் செய்தார். இந்த ஜில்லாவின் சுபாவம் தெரிந்தவர் செய்கிற காரியமா அது? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வீட்டிலேயே வைத்து உபசரித்தார், உள்ளே போனார். திருத்துறைப்பூண்டியில் ராமச்சந்திர நாயுடு தன் சத்திரத்தைத் திறந்துவிட்டார், அவரும் கைதானார். மற்றவர்கள் சாமர்த்தியமாகச் செய்தார்கள். போகிற வழியில் மரக்கிளைகளில் பொட்டலம் தொங்கும். ஆற்றங்கரையில் இளைப்பாறும்போது, எந்த இடத்தைத் தோண்டினால் சோற்று அண்டா இருக்கும் என்று யாரோ காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். போட்டவர் யாரென்று தெரியாது. போலீஸ் யாரைப் பிடிக்கும்? ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தவர்கள் பட்டினியாகப் போய்ச் சேரவில்லை.

பெண்களின் பாடு தனி. எங்கள் வீட்டில் முதலில் ஓட்டலுக்குள் கால் வைத்தது அம்மா. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம் அப்பா அழைத்துப் போனார். 'ஃபேமிலி ரூம்' என்று பலகைத் தடுப்பு வைத்த ஓர் அறை. அரைக்கதவு, அதற்கு மேல் ஒரு திரை, உள்ளே வேர்வை நாற்றம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அம்மா ஒரு ரவா தோசை சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அதன் விலைக்கு வீட்டில் எத்தனை பேருக்குத் தோசை வார்க்கலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் அந்த தோசையின் ஓரம் எப்படி ஜல்லடையாக வந்தது என்று ஒரு வாரம் பரிசோதனையும் செய்தாள். 1980-இல் எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் இன்னொரு டீச்சரோடு ஓர் ஓட்டலுக்குப் போனபோது, கல்லாவில் இருந்தவர் தலையை நிமிர்த்தி, "ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்றார். நாங்கள் ஃபேமிலி ரூமுக்குள் போகாமல் நடு ஹாலில் உட்கார்ந்தோம். சாம்பார் சுமார்தான். சர்வர் மட்டும் இரண்டு தடவை வந்து, "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார்.

இனிப்புக்கு வருவோம், நானே காத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரின் இனிப்புகளில் பாதிக்கு மேல் வந்தேறிகள். மராட்டிய அரண்மனையின் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாக சாஸ்திரம் சரஸ்வதி மகால் வெளியீடாக வந்திருக்கிறது, வாங்கிப் பாருங்கள். வீடுகளில் இன்றும் செய்யும் டாங்கர் பச்சடி மராட்டியச் சொத்து. சாம்பாஜிக்காக சாம்பார் பிறந்தது என்று வாட்ஸாப்பில் வருவது நல்ல கதை. அதற்கு மேல் நான் அதற்கு மார்க் போடுவதில்லை.

சந்திரகலாவின் வயது எல்லாருக்கும் தெரியும். வடக்கிலிருந்து வந்த குருதயாள் சர்மா 1949-இல் ரயிலடிப் பக்கம் பாம்பே ஸ்வீட்ஸ் தொடங்கினார். பாருங்கள், மறுபடியும் ரயிலடி, மறுபடியும் வெளியூர்க்காரர். மைதா மாவை மெல்லிசாக இட்டு, உள்ளே சர்க்கரை இல்லாத பால்கோவா என்று சொல்லத்தக்க கோவாவை ஏலக்காயோடு வைத்து, பாதி நிலாவாக மடித்து, விளிம்பைப் பின்னல் போல முறுக்கி, நெய்யும் எண்ணெயுமாகப் பொரித்துப் பாகில் போட்டு எடுப்பது. முழு வட்டமாகச் செய்தால் சூரியகலா. வடக்கே ஹோலிக்குச் செய்யும் குஜியாவுக்கு இது தங்கை, நம் சோமாசிக்கு ஒன்றுவிட்ட அக்காள். சரியான சந்திரகலாவைக் கடித்தால் மேல்தோடு நொறுங்க வேண்டும், பாகு தோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கக் கூடாது. பிரிட்ஜில் வைத்து எடுத்ததைக் கொடுக்கும் கடைகள் இப்போது பெருகிவிட்டன. தோல் மாதிரி இழுக்கும். அன்றன்று போட்டதா என்று கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். திருநெல்வேலி அல்வாவையும் கிண்டிப் பிரபலமாக்கியது சிங் குடும்பங்கள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பால் நம்முடையது, நெய் நம்முடையது. அதற்கு ஒரு கல்லாப்பெட்டி வைக்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

திருவையாற்று அசோகா மட்டும் விதிவிலக்கு. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, வறுத்த கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிண்டுவது. ராமய்யர் என்ற சமையல் வித்தகரின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். இது பிறந்தது கல்யாணச் சமையல்கட்டில். டெல்டாவில் கல்யாணப் பந்தி என்றால் இலையின் ஓரத்தில் முதலில் விழுவது அசோகா. கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இன்று ஆண்டவர் அல்வாக் கடையில் சின்ன இலைத் துண்டில் சூடாகக் கொடுத்து, அதன் மேல் கொஞ்சம் காராபூந்தி தூவுகிறார்கள். அந்தக் காராபூந்தியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் கல்யாண அசோகாவின் குழைவு கடை அசோகாவுக்கு வராது. அண்டாவில் கிண்டிய உடனே பந்திக்குப் போகும் பதார்த்தம் அது. தட்டில் காத்திருக்கப் பிறந்ததல்ல.

அசைவக் கடைகளைப் பற்றி அறிந்து பேசும் நாக்கு எனக்கில்லை, வீட்டுப் பழக்கம் அப்படி. மிலிட்டரி ஓட்டல் என்ற பலகையைப் பார்த்துச் சின்ன வயதில் சிப்பாய்கள் சாப்பிடும் இடம் என்று நினைத்திருந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாகூர்ப் பக்கம் போனால் வாடா கிடைக்கும் என்று என் மாணவிகள் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உள்ளூர்க்காரர் வைத்த மெஸ் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் குற்றம். எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் 'யுவர் மெஸ்' என்று ஒன்றை நடத்தினார். இலக்கியக்காரர்கள் கூடிப் பேசிய இடம். வியாபாரமாக அது எப்படி நடந்திருக்கும் என்பதை இலக்கியக்காரர்களைத் தெரிந்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

1965-இல் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை விடுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டபோது ஓட்டல்கள் திங்கள் மாலை மூடிக் கிடந்தன. எட்டு வயதில் எனக்கு அது புரியவில்லை. தெருக் கோடியில் நெல் வண்டி போகிறது, ஓட்டலில் சோறு இல்லையாம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 நெல் ரகம் குறுவைக்கு வந்து சேர்ந்ததும் அதே காலத்தை ஒட்டித்தான்.

இந்த நெல் விவகாரம்தான் இன்றைய கடைகளுக்கும் என்னைக் கொண்டுவருகிறது. 1972-இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் கொள்முதல் நிலையம் போட்டு டெல்டா நெல்லை வாங்குகிறது. அது ரேஷன் அரிசியாகத் தமிழ்நாடு முழுக்கப் போகிறது. இங்கே ஓட்டலில் மத்தியானம் இலையில் விழும் மீல்ஸ் அரிசி என்ன என்று சர்வரைக் கேட்டுப் பாருங்கள். "கர்நாடகா பொன்னிங்க" என்று பெருமையாகச் சொல்லும் கடைகள் நிறைய. மெல்லிசாக, வெள்ளையாக, உதிரியாக இருக்கிறது, வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கிறது என்கிறார்கள். காவிரித் தண்ணீருக்கு வழக்குப் போட்டுக்கொண்டே கர்நாடகத்து அரிசியைச் சாப்பிடுகிறோம்.

இட்லிக்கு மட்டும் அந்தப் பொன்னி ஆகாது. அதற்குக் குண்டு அரிசி வேண்டும். இந்த வயல்களில் சம்பாவுக்கு நடும் சிஆர் 1009, பொன்மணி என்று சொல்வது, இட்லிக்குப் போகும் அரிசி. ஆகவே என்னிடம் கடை கேட்கிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டை யாராவது வீட்டில் கூப்பிட்டால் அங்கே சாப்பிடுங்கள். கடையில் என்றால் காலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சாவூர் மூன்று ஊரிலும் அன்றைக்குக் கடப்பா போடும் பழைய கடைகள் உண்டு. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து தேங்காய் அரைத்து விட்ட கடப்பா, சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். மூன்று இட்லி வாங்கி, அது முழுகும்படி ஊற்றச் சொல்லுங்கள். ஒன்பதரைக்கு மேல் போனால் கடப்பா தீர்ந்திருக்கும், சாம்பாரைக் காட்டுவார்கள்.